வானலை அறிஞர் சிசிர் குமார் மித்ரா

தொண்ணூறுகளின் முற்பகுதியில் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் இருக்கவில்லை. பற்றரிக்கும் தட்டுப்பாடு. உடுவில், இணுவில், சுன்னாகம் பக்கத்து வீடுகளில் இரவானதும் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையால் சுற்றி, தைனமோவில் வரும் மின்சாரத்தால் வானொலிப் பெட்டியை இயக்குவார்கள். சிற்றலையில் பிபிசி தமிழோசை வரும். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளத்தில் ஓலைக் கொட்டில்களில் தங்கியிருந்த முஸ்லிம் குடும்பங்களும் அதே நேரத்தில் அதே ஒலிபரப்பைத்தான் கேட்டுக்கொண்டிருந்தன. பாதை அடைபட்டிருந்தது, கடிதமும் ஒழுங்காகப் போய்ச் சேரவில்லை. ஆனால் வானலை மட்டும் இரு பக்கமும் ஒன்றாக வந்து இறங்கியது.

அது எங்கிருந்து இறங்கியது? பூமி உருண்டையானது. வானலையோ நேராகச் செல்வது. ஆயிரக்கணக்கான கிலோமீற்றருக்கு அப்பாலிருந்து வரும் அலை, இடையில் எதிலாவது பட்டுத் திரும்பினாலன்றி நம்மை வந்தடையாது. அவ்வாறு திருப்பி அனுப்புவது, தரையிலிருந்து சுமார் 60 கிலோமீற்றருக்கு மேல் தொடங்கிப் பல நூறு கிலோமீற்றர் வரை பரந்திருக்கும் அயன் மண்டலம். சூரியனின் புறஊதாக் கதிர்கள் அங்குள்ள ஐதான வளியைத் தாக்கி இலத்திரன்களைப் பிரித்துவிடுகின்றன. அந்த இலத்திரன்களே வானலைக்குக் கூரையாகின்றன. நமது பிராந்தியத்திலிருந்துகொண்டு, நமது பிராந்தியத்தின் வானத்துக்கே உரிய அளவீடுகளால் அந்தக் கூரையை ஆராய்ந்தவர்களில் முதல்வராக வைத்துப் போற்றத்தக்கவர் பேராசிரியர் சிசிர் குமார் மித்ரா.

அவர் 1890ஆம் ஆண்டு ஒக்டோபர் 24ஆம் திகதி கல்கத்தாவில் பிறந்தார். தந்தையார் ஜெயகிருஷ்ண மித்ரா ஒரு பாடசாலை ஆசிரியர். தாயார் சரத்குமாரி. இந்தத் தாயைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லாமல் மகனின் கதைக்குப் போவது நியாயமாகாது. மகன் பிறந்த காலத்தில் அவர் கல்கத்தா கம்பெல் மருத்துவப் பாடசாலையில் மாணவியாக இருந்தார். உடுவிலிலே 1824ஆம் ஆண்டிலேயே பெண் பிள்ளைகளுக்கென விடுதிப் பாடசாலை தொடங்கப்பட்டுவிட்டது என்று பெருமை பேசுகிற யாழ்ப்பாணத்தில்கூட, திருமணமாகிப் பிள்ளைகளும் உள்ள ஒரு பெண் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு மருத்துவம் படிக்கப் போவதென்பது 1890இல் எளிதில் நடக்கிற காரியமல்ல. சரத்குமாரி படித்துத் தேறினார். பீகாரிலுள்ள பாகல்பூரில், டஃபரின் சீமாட்டியின் பெயரால் பெண்களுக்கென நிறுவப்பட்ட வைத்தியசாலையில் அவருக்கு நியமனம் கிடைத்தது. குடும்பம் அங்கே பெயர்ந்தது. மனைவியின் உத்தியோகத்துக்காகக் கணவர் தம் ஆசிரியப் பணியை விட்டுப் பாகல்பூர் நகரசபையில் இலிகிதரானார். அந்தக் காலத்தில் எத்தனை ஆண்கள் இதைச் செய்திருப்பார்கள் என்று எண்ணிப் பார்க்கலாம்.

பாகல்பூர் என்றதும் இன்னொரு பெயரும் நினைவுக்கு வருகிறது. அதே காலத்தில் அப்பகுதியில் உதவி நீதவானாக இருந்த சையத் சகாவத் ஹுசைன் அவர்களின் மனைவியே பேகம் ருக்கையா. சுல்தானாவின் கனவு என்ற அவரது ஆங்கிலக் கதை 1905இல் சென்னையிலிருந்து வந்த ஒரு மாதர் சஞ்சிகையில் வெளியாயிற்று. அக்கதையில் வரும் பெண் விஞ்ஞானிகள் வானத்தில் ஒரு பலூனை நிறுத்திக் குழாய்கள் மூலம் வளிமண்டலத்திலிருந்து நீரை எடுக்கிறார்கள். சூரிய வெப்பத்தைச் சேமித்து வேண்டியபோது பயன்படுத்துகிறார்கள். கணவர் இறந்த பின், 1909இல், ருக்கையா பாகல்பூரில் ஐந்து மாணவியருடன் தொடங்கிய பாடசாலைதான் பின்னர் கல்கத்தாவுக்குப் பெயர்ந்து நிலைத்தது. கதை வெளியான ஆண்டில் சிசிர் குமாருக்குப் பதினான்கு, பதினைந்து வயது. அவருடைய சிறு வயதிலும் ஒரு பலூன் உண்டு. 1889இல் ராமச்சந்திர சட்டர்ஜி என்பவர் கல்கத்தாவில் பலூனில் ஏறி வானில் பறந்தார். அந்தச் செய்தியைத் தமையன் வாயிலாகக் கேட்ட சிறுவன், அவ்வளவு பாரமான பொருள் மேலே போவது எப்படி என்று துருவித் துருவிக் கேட்டானாம். விஞ்ஞானத்தில் தமக்கு நாட்டம் பிறந்த கதையாக இதைப் பிற்காலத்தில் அவரே சொல்வதுண்டு.

பாகல்பூரில் பாடசாலைக் கல்வியை முடித்துக் கல்லூரிக்குள் நுழைந்த காலத்தில் வீட்டில் அடுத்தடுத்துத் துயரம். இரண்டு தமையன்மாரையும் மரணம் கொண்டுபோயிற்று. தந்தையார் பாரிசவாதத்தில் படுத்து, பின்னர் அவரும் காலமானார். எஞ்சியிருந்த மகன் ஏதாவதொரு வேலைக்குப் போவான் என்றுதான் ஊர் எதிர்பார்த்திருக்கும். தாயார் அப்படி நினைக்கவில்லை. தம் வைத்தியச் சம்பளத்தை நம்பி அவரைக் கல்கத்தா பிரசிடென்சிக் கல்லூரிக்கு அனுப்பினார். அங்கே ஜகதீஷ் சந்திர போஸ் விரிவுரையாளராக இருந்தார். மார்க்கோனியின் பெயர் உலகெங்கும் பரவுவதற்கு முன்பே, 1895இல், கம்பியில்லாமல் மின்காந்த அலையைச் சுவரூடு அனுப்பிக் காட்டியவர் போஸ். வெளிநாட்டுக் கருவி இல்லாமலே, உள்ளூர்க் கைவினைஞரைக்கொண்டு தம் கருவிகளைத் தாமே செய்துகொள்ளும் அவரது வழக்கம் சிசிர் குமாரை ஆழமாகத் தொட்டது. 1912இல் அவர் பௌதிகவியலில் முதலிடம் பெற்று முதுமாணிப் பட்டம் பெற்றார்.

வீட்டுச் சுமை காரணமாகச் சில ஆண்டுகள் பாகல்பூரிலும் பாங்குராவிலும் கல்லூரி ஆசிரியராக இருந்தார். 1916இல் சேர் அசுதோஷ் முகர்ஜி, புதிதாகத் தொடங்கிய பல்கலைக்கழக விஞ்ஞானக் கல்லூரிக்கு அவரை அழைத்தார். அங்கே திருச்சிராப்பள்ளியில் பிறந்த சி. வி. இராமனின் வழிகாட்டலில் ஒளியின் கோணலைப் பற்றி ஆராய்ந்து 1919இல் கலாநிதிப் பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டு பாரிஸ் சென்று சாள்ஸ் ஃபாப்ரியின் கீழ் ஒளி அலைநீளங்களை அளந்து இரண்டாவது கலாநிதிப் பட்டமும் பெற்றார். மேரி கியூரி அம்மையாரின் ரேடியம் நிறுவனத்திலும் சிறிது காலம் இருந்தார்.

இதுவரை அவரது வாழ்க்கை ஒளியின் வழியிலேயே சென்றது. அதே வழியில் தொடர்ந்திருந்தால் இராமனின் நிழலில் நல்லதோர் ஒளியியல் பேராசிரியராக ஓய்வு பெற்றிருப்பார். ஆனால் பிரான்சின் நான்சி நகரில் கமில் குட்டன் என்பவரின் ஆய்வுகூடத்தில் வானொலி வால்வுகளைக் கண்டபோது அவர் மனம் திரும்பியது. கம்பியில்லாத் தந்தி அப்போது பல்கலைக்கழகங்களில் ஒரு பாடமே அல்ல. கப்பற்காரருக்கும் பட்டாளத்துக்கும் உரிய தொழில் என்றே கருதப்பட்டது. அதை முதுமாணி வகுப்பில் பாடமாக வைக்கவேண்டும் என்று மித்ரா அங்கிருந்தே அசுதோஷுக்கு எழுதினார். அசுதோஷ் இணங்கினார். 1923இல் ஊர் திரும்பிய மித்ரா, கைரா பேராசிரியராகப் பொறுப்பேற்றுக் கல்கத்தாவில் வானொலிப் பாடத்தையும் அதற்கென ஓர் ஆய்வுகூடத்தையும் தொடங்கினார். இந்தியாவில் ஒழுங்கான வானொலிச் சேவை வேரூன்றும் முன்பே அந்த ஆய்வுகூடத்திலிருந்து மாணவர்கள் ஒலிபரப்பினார்கள்.

அப்போது இங்கிலாந்தில் எட்வர்ட் அப்பிள்டன், 1924இல், வானலை மேலிருந்து தெறித்து வருவதைப் பரிசோதனை மூலம் நிறுவியிருந்தார். கிணற்றுக்குள் குரல் கொடுத்து எதிரொலி வரும் நேரத்தைக்கொண்டு ஆழத்தை மதிப்பிடுவது போன்றதே அந்த முறையின் சாரம். வித்தியாசம் வேகத்தில். வானலை ஒரு செக்கனில் மூன்று இலட்சம் கிலோமீற்றர் போகும். நூறு கிலோமீற்றர் உயரத்திலிருக்கும் படையில் பட்டுத் திரும்புவதற்கு ஒரு செக்கனில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட எடுக்காது. அந்தச் சிறு நேரத்தைத்தான் அளக்கவேண்டும். கல்கத்தாவில் அதற்கான கருவி கடையில் கிடைக்கவில்லை. மித்ராவும் மாணவர்களும் கருவிகளைத் தாமே பொருத்தினார்கள். 1930இல் ஈ படை எனப்படும், ஏறத்தாழ நூறு கிலோமீற்றர் உயரத்திலுள்ள அடுக்குக்கான சான்று அவர்களுக்குக் கிடைத்தது. இந்தியாவில் அதற்கு முன் எவரும் அதைக் காட்டியிருக்கவில்லை.

இங்கிலாந்தில் அளந்தாயிற்றே, மீண்டும் ஏன் அளக்கவேண்டும் என்று ஒருவர் கேட்கலாம். வெயில் எல்லா ஊரிலும் ஒன்றல்லவே. சூரியன் உச்சியில் நிற்கும் நாடுகளில் அயன் மண்டலத்தின் அடர்த்தியும் உயரமும் வேறு. காந்தப் புலத்தின் சாய்வும் வேறு. இலண்டன் வானத்து எண்களை வைத்துக்கொண்டு வங்காளத்திலோ யாழ்ப்பாணத்திலோ எந்த மீடிறன் எந்த நேரத்தில் கேட்கும் என்று சொல்ல முடியாது. 1932, 1933 ஆண்டுகளில் நடந்த இரண்டாவது சர்வதேசத் துருவ ஆண்டு ஆய்வுகளில் கல்கத்தாவின் அளவீடுகளும் இடம்பெற்றன. உலக வரைபடத்தில் வெறுமையாக இருந்த பகுதியில் ஒரு புள்ளி விழுந்தது.

அதே 1933இல் ஐரோப்பாவில் ஒரு விசித்திரம் நடந்தது. நெதர்லாந்தில் டெலெகென் என்ற பொறியியலாளர் சுவிற்சர்லாந்து நிலையமொன்றைக் கேட்டுக்கொண்டிருந்தார். அதன் பின்னால் லக்சம்பேர்க் நிலையத்தின் நிகழ்ச்சி மெல்ல ஒலித்தது. இரு நிலையங்களின் மீடிறன்களும் வெவ்வேறு, பெட்டியிலும் கோளாறில்லை. சிட்னியிலிருந்த பெய்லியும் மார்ட்டினும் அடுத்த ஆண்டு விளக்கம் சொன்னார்கள். லக்சம்பேர்க்கின் வலிய அலை தன் பாதையிலிருந்த அயன் மண்டலத்தைச் சூடாக்குகிறது. அங்குள்ள இலத்திரன்கள் வேகம் பெற்று அக்கம்பக்கத்து மூலக்கூறுகளோடு கூடுதலாக மோதுகின்றன. அவ்வழியே போகும் வேறொரு நிலையத்தின் அலை, அந்த மோதலின் ஏற்ற இறக்கத்தைத் தன்மீது ஏற்றிக்கொண்டு வருகிறது. ஆக, மனிதன் தரையிலிருந்துகொண்டே அயன் மண்டலத்தின் நிலையைச் சிறிதளவு மாற்ற முடியும் என்பது அன்று தெரியவந்தது. எவ்வளவு மாறும் என்று கணக்கிட, ஒவ்வோர் உயரத்திலும் எத்தனை இலத்திரன், செக்கனுக்கு எத்தனை மோதல் என்ற எண்கள் வேண்டும்.

அத்தகைய எண்கள் அந்நாளில் பல நாட்டுச் சஞ்சிகைகளில் சிதறிக் கிடந்தன. அவற்றைத் தேடிச் சேர்த்து, சரிபார்த்து, முரண்பட்டவற்றைப் பிரித்து ஒரே நூலாக்கும் வேலையை மித்ரா எடுத்துக்கொண்டார். அதற்குப் பல ஆண்டுகள் சென்றன. இடையில் உலகப்போர் வந்தது. வெளிநாட்டுச் சஞ்சிகைகள் வருவது தடைப்பட்டது. 1943இல் வங்காளத்தைப் பஞ்சம் வாட்டியது. 1946இல் கல்கத்தா வீதிகளில் இரத்தம் ஓடியது. வகுப்புகளும் போர்க்கால வானொலி ஆய்வுக் குழுவின் தலைமையும் வேறு. இத்தனைக்கும் நடுவே 600 பக்கங்களுக்கு மேற்பட்ட அந்த நூல், மேல் வளிமண்டலம் என்ற பெயரில், 1947இல் கல்கத்தா ஆசியக் கழகத்தின் வெளியீடாக ஆங்கிலத்தில் வந்தது. வேறெந்த நாட்டிலும் அத்துறைக்கு அப்படியொரு முழுமையான நூல் அப்போது இருக்கவில்லை. இரண்டாம் பதிப்பு 1952இலும் ருஷ்ய மொழிபெயர்ப்பு 1955இலும் வெளியாயின. வேற்று நாட்டார் எழுதிய நூலை நாம் மொழிபெயர்த்துப் படிப்பதுதான் வழக்கம்; இங்கே அது மாறி நடந்தது. அவருடைய கண்டுபிடிப்புகளைவிட இந்த நூலையே நான் பெரிதாக மதிக்கிறேன். பிறர் செய்த வேலையைப் பொறுமையாகக் கோத்து வைப்பதற்குப் பரிசு கிடைப்பது குறைவு. அதனாலேயே அதைச் செய்பவர்களும் குறைவு.

அவர் சொன்னதெல்லாம் நிலைத்துவிட்டது என்றும் இல்லை. மின்பாய்ச்சிய பின்னும் ஒளிர்ந்துகொண்டிருக்கும் நைதரசன் வாயுவைப் பற்றி அவர் வகுத்த கொள்கையைப் பிற்கால ஆய்வுகள் ஏற்கவில்லை.

1949இல் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் வானொலிப் பௌதிகத்துக்கும் இலத்திரனியலுக்குமான நிறுவனம் அவரது முயற்சியால் உருவாயிற்று. 1955இல் நகரத்து இரைச்சலுக்கு வெளியே ஹரிங்கட்டாவில் அயன் மண்டல அவதான நிலையம் அமைந்தது. ஓய்வு பெற்ற பின் மேற்கு வங்காள இடைநிலைக் கல்விச் சபையின் நிர்வாகப் பொறுப்பையும் ஏற்றார். இலண்டன் றோயல் கழகம் 1958இல்தான் அவரை அங்கத்தவராக்கியது. அப்போது அவருக்கு வயது அறுபத்தேழு. 1962இல் பத்மபூஷண் விருதும் தேசியப் பேராசிரியர் என்ற தகுதியும் கிடைத்தன. 1963 ஓகஸ்ட் 13ஆம் திகதி காலமானார்.

அடுத்த மூன்று மாதங்களில், நவம்பர் 21ஆம் திகதி, கேரளக் கடற்கரையிலுள்ள தும்பா என்ற மீனவக் கிராமத்திலிருந்து இந்தியாவின் முதல் ஆய்வு றொக்கெற் எழுந்தது. தும்பாவைத் தெரிந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. காந்த மத்தியகோடு அவ்விடத்துக்கு அண்மையாகச் செல்கிறது. அக்கோட்டின் இரு மருங்கும், ஈ படையின் உயரத்தில், பகல் வேளைகளில் மேற்கிலிருந்து கிழக்காக ஒரு பெரிய மின்னோட்டம் ஆறுபோல் பாய்கிறது. மத்தியகோட்டு மின்தாரை என்று அதைச் சொல்லலாம். அது நமக்குத் தூரத்துச் சங்கதியல்ல. இலங்கையின் வானத்தைக் கடந்துதான் அது கிழக்கே போகிறது. உடுவில் தோட்டங்களில் நண்பகலில் வெங்காயத்துக்குத் தண்ணீர் மாறுபவரின் தலைக்கு மேலேயும், நூறு கிலோமீற்றர் உயரத்தில், அந்தத் தாரையின் வடக்கு ஓரம் பாய்ந்துகொண்டிருக்கும்.

இந்த மின்தாரையும் லக்சம்பேர்க் விசித்திரமும் ஒன்றுசேரும்போதுதான் செயற்கைத் தாழ் மீடிறன் அலை பிறக்கிறது. ஒரு செக்கனில் 76 தடவை மட்டும் அதிரும் அலையின் நீளம் ஏறத்தாழ 3,950 கிலோமீற்றர். பருத்தித்துறையிலிருந்து தெய்வேந்திரமுனை வரையுள்ள தூரத்தைப்போல் சுமார் ஒன்பது மடங்கு. கடல்நீருக்குள் ஆழமாக ஊடுருவக்கூடியது இத்தகைய அலைதான். ஆகவே நீர்மூழ்கிக் கப்பலுக்குச் செய்தி அனுப்ப நினைப்பவர்களும் நிலத்தடியை ஆராய்பவர்களும் அதை நாடுகிறார்கள். ஆனால் அதற்கேற்ற அன்ரனாவை யார் கட்டுவது? அமெரிக்கா விஸ்கொன்சின், மிச்சிகன் மாநிலங்களில் பல பத்து மைல் நீளத்துக்குக் கம்பி இழுத்தே அந்த 76 ஹேர்ட்ஸ் அலையை 2004 வரை அனுப்பிவந்தது. திருநெல்வேலிக்கு அண்மையில் விஜயநாராயணத்தில் 1990இல் திறக்கப்பட்ட இந்தியக் கடற்படை நிலையம் அதைவிட உயர்ந்த, 18 கிலோஹேர்ட்ஸ் அளவிலான மீடிறனில் இயங்குவது. அதற்கே வானளாவிய கோபுரங்கள் வேண்டியிருந்தன.

கம்பிக்குப் பதிலாக வானத்து மின்னோட்டத்தையே அன்ரனாவாக்கலாமே என்பது புதிய யோசனை. தோட்டத்து வாய்க்காலை நினைத்துக்கொள்ளலாம். தண்ணீரை நாம் உண்டாக்கவில்லை; அது தானே ஓடுகிறது. வாய்க்காலைக் கையால் மறித்து மறித்து விட்டால் பாத்திக்குள் அது விட்டு விட்டுப் பாயும். அதுபோல, தரையிலிருந்து சில மெகாஹேர்ட்ஸ் மீடிறனுள்ள வலிய வானலையை மேல்நோக்கி அனுப்பி, செக்கனுக்கு ஆயிரம் தடவை அதைக் கூட்டிக் குறைக்கிறார்கள். இலத்திரன்கள் சூடேறி ஆறுவதற்கேற்ப அந்த இடத்தின் மின்கடத்துதிறனும் மாறுகிறது. அங்கே ஓடும் இயற்கை மின்னோட்டமும் ஆயிரம் தடவை கூடிக் குறைகிறது. அவ்வாறு அதிரும் மின்னோட்டம் ஒரு கிலோஹேர்ட்ஸ் அலையைத் தானே வெளிவிடுகிறது. 1974இல் ருஷ்யாவின் கோர்க்கி நகர விஞ்ஞானிகள் இதை முதலில் காட்டினார்கள். பின்னர் நோர்வேயின் துரும்சோவிலும், 180 அன்ரனாக்களும் 3.6 மெகாவாற்று வலுவும் கொண்ட அலாஸ்கா நிலையத்திலும் வடதுருவ மின்தாரையை இவ்விதம் அதிரச் செய்தார்கள். பேரு நாட்டின் ஹிக்கமார்க்காவில் நம்முடையதைப் போன்ற மத்தியகோட்டுத் தாரையிலேயே அது முயலப்பட்டது. மெகாவாற்றுக் கணக்கில் அனுப்பினால் தாழ் மீடிறன் அலையாகக் கிடைப்பது வெறும் வாற்றுக் கணக்கில்தான். மிக நட்டமான வியாபாரம்; ஆனால் வேறு வழி அதைவிடக் கடினம்.

அலாஸ்கா நிலையத்தைப் பற்றிய வதந்திகள் நம் ஊர்களிலும் உலவுகின்றன. புயலையும் சுனாமியையும் அங்கிருந்து ஏவுகிறார்கள் என்று படித்தவர்களே சொல்லக் கேட்டிருக்கிறேன். 2004 மார்கழிக்குப் பிறகு கடலை இழந்த உறவுகளின் முகமாகவே பார்க்கும் மக்களிடம் இப்படிப் பேசுவது பொறுப்பற்ற செயல். மழையும் புயலும் தரையிலிருந்து பதினைந்து, பதினாறு கிலோமீற்றருக்குள் நடப்பவை. சூடாக்கும் வேலை நடப்பதோ அதற்கு மிக மேலே, காற்றே இல்லை என்று சொல்லத்தக்க உயரத்தில். அங்கு போய்ச் சேரும் வானலையின் வலு, அதே இடத்தில் விழும் சூரிய ஒளியின் பல்லாயிரத்தில் ஒரு பங்குதான். அனுப்பியை நிறுத்தினால் இலத்திரன்கள் கண் இமைப்பதற்குள் ஆறிவிடும். சுனாமி கடலடி நிலநடுக்கத்தால் எழுந்தது. அயன் மண்டலம் எத்தனை அடுக்கு, எந்த உயரம், எவ்வளவு ஐதானது என்பதை மித்ராவின் தலைமுறை அளந்து வைத்திருப்பதாலேயே இந்த வதந்திக்கு நாம் எண்களால் பதில் சொல்ல முடிகிறது.

சந்திரனில் உள்ள குழிகளில் ஒன்றுக்கு மித்ராவின் பெயர் சூட்டப்பட்டிருக்கிறது. அது சந்திரனின் மறுபக்கத்தில் இருக்கிறது. பூமியிலிருந்து புறப்படும் எந்த வானலையும் அங்கே நேராகப் போய்ச் சேராது.